மிதித்தால் உரியும் வேர்க்கடலை

3.12.2001
எங்கள் கிரில் பட்டறையில் கிடந்த பழைய சைக்கிளை இன்று அறுத்தே விட்டேன். மிதித்தால் செயின் ஓடும், உருளை சுற்றும். உருளைக்கும் கம்பிச் சல்லடைக்கும் நடுவில் வேர்க்கடலை மாட்டி ஓடு உடையும். உடையணும்! வீட்டுக்காரர் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா லோகா, கிரில்லு பண்றமா, பொம்மை பண்றமா?"

பொம்மையாம்.

9.12.2001
தோற்றேன். கூலிக்கு விதைக்கடலை உரிக்கும் கன்னியம்மா அக்காவும் அவள் கூட்டாளிகளும் பார்க்க வந்திருந்தார்கள். விதை என்றால் பருப்பின் தோல்கூடக் கீறக் கூடாது. அதனால்தான் மில்லுக்குப் போடாமல், நகக்கண் எரிய எரிய, கையால் உரிக்கிறார்கள். என் மிஷினில் பாதிக்கு மேல் நொறுங்கிக் கொட்டியது. அக்கா ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். "சட்னிக்கு நல்லா கீது, லோகா." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்து அழுதேன்.

10.12.2001
ரப்பர்! இரும்பு உருளைதானே நொறுக்குகிறது — டயரை அறுத்துச் சுற்றினால்?

16.12.2001
வந்துவிட்டது, வந்துவிட்டது, வந்துவிட்டது! பஞ்சர் கடை தாவீது அண்ணன் கொடுத்த ஸ்கூட்டர் டயரைச் சுற்றி, சல்லடையைக் கொஞ்சம் இறக்கி மிதித்தேன். முழுசு முழுசாக, ரோஸ் தோல் கலையாமல், கொட்டுகிறது! இவர் ஏறி உட்கார்ந்தவர் இறங்கவே இல்லை. "கொட்டு, இன்னொரு கூடை கொட்டு!"

17.12.2001
பெரிய நிலக்காரர் ஜெகதீசன் வந்தார். "மிஷின எனக்கே குடுத்துடும்மா. இனிமே கூலியாளே வேணாம்." இவருக்கு முகமெல்லாம் பல். எனக்கும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? அவர் போனதும் பார்த்தால் வாசலில் கன்னியம்மா அக்கா. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அப்போ எங்க பொழப்பு இன்னா ஆவறது? படிக்கு இவ்ளோன்னு உரிச்சிதான சோறு துன்றோம்?"

யாருக்காகச் செய்தேன் இதை?

18.12.2001
இவரிடம் சொல்லிவிட்டேன். மிஷின் ஜெகதீசனுக்கு இல்லை, அக்கா கூட்டத்துக்கு. அவர்களே மிதிக்கட்டும், படிக்கு அதே கூலி வாங்கட்டும், மிஷின் காசை நமக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கட்டும். "கைக்கு வந்த துட்ட வேணான்றியே, உனக்கின்னா பைத்தியமா?" என்று கத்தினார். நானும் கத்தினேன். சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் ஊற்றும்போது கேட்கிறார்: "அந்தம்மா குள்ளமாச்சே, சீட்ட இறக்க வேணாமா?"

22.12.2001
அக்கா மிஷினை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். ஜெகதீசனும் வேறு வழியில்லாமல் அவர்களிடமே விதை உரிக்கக் கொடுத்திருக்கிறார். முளைக்குமா? தோல் நன்றாக இருந்து உள்ளே அடிபட்டிருந்தால்? கடவுளே.

4.1.2002
முளைத்திருக்கிறது! ஜெகதீசனின் கடலைக் கொல்லை முழுக்க! வரப்பிலேயே குதித்தேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

13.1.2002
காணும் பொங்கலுக்கு அக்கா கூட்டம் முழுக்க மகாபலிபுரம் கடற்கரைக்குப் போகிறதாம். இன்றைக்கும் களத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கடலையைக் கொட்டுகிறார்கள். கன்னியம்மா அக்கா சீட்டில் உட்கார்ந்து மிதிக்கிறாள், இரண்டு கையையும் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி. பத்து விரலிலும் ஈர மருதாணி.