குடிப்பதெல்லாம் சாப்பாடா

அன்புள்ள என்னவருக்கு,

நானும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்ல வழியில்லை. நீங்களும் என் தம்பியும் ஒரே அறையில் இருக்கிறீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் "குடுங்க மச்சான்" என்று உங்கள் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிடுகிறான். பக்கத்து வீட்டு டிரைவர் அங்கே வேலைக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தம்பி டியூட்டிக்குப் போன பிறகு படியுங்கள்.

அப்பா போனதிலிருந்து அவன் கேட்பது ஒரே கேள்வி. விழுங்க முடியாமல் கிடந்த மனுஷன், விழுங்க ஆரம்பித்த பிறகு எப்படிச் செத்தார்? லீவு கிடைத்துவிட்டதாம், வந்ததும் ஆஸ்பத்திரிக்காரன் சட்டையைப் பிடிக்கப் போகிறானாம். கிளம்புவதற்கு முன்னால் அவனுக்கு நீங்கள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை நான் சொல்கிறேன். அதற்கு முன் நடந்தது முழுதும் உங்களுக்காவது தெரிய வேண்டும்.

அம்மா இறந்த பிறகு அப்பா தனியாகத்தானே இருந்தார். உணவுக்குழாய் புண்ணாகிச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மனுஷர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் போன் செய்து "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டால் "ஆச்சு, ஆச்சு" என்பார். தம்பி கேட்டாலும் அதே "ஆச்சு". என்னத்தை ஆச்சு? டீத்தண்ணியும் வெறுந்தண்ணியும்தான் உள்ளே போயிருக்கின்றன. எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்து சட்டையைக் கழற்றியபோது எனக்கு உயிரே போய்விட்டது. எலும்பின் மேல் தோலைப் போர்த்தி வைத்தது போல் இருந்தார்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு நான் டயட்டீஷியன் பயிற்சியில் சேர்ந்தேனே, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "உன் சமையலைச் சாப்பிட்டவன் நான். அந்த நோயாளிங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு" என்றீர்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன். இங்கே வந்த பிறகுதான் இது சமையல் இல்லை என்று தெரிந்தது. புஜத்தைச் சுற்றி டேப் வைத்து அளக்கக் கற்றோம். வார்டிலிருந்து திரும்பி வரும் தட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கக் கற்றோம். ரத்தப் பரிசோதனைத் தாளில் உப்புச்சத்துகள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா என்று படிக்கக் கற்றோம். எங்களைப் பயிற்றுவிக்கும் அம்மாவுக்கு நாங்கள் வைத்த பேர் தராசு. எதையும் நிறுக்காமல் நம்ப மாட்டார்.

அவர் முதலில் சொல்லிக் கொடுத்ததே பட்டினியைப் பற்றித்தான். பல நாள் பட்டினி கிடந்த உடம்பு தன் சதையையே தின்று பிழைத்துக்கொண்டிருக்கும். அந்த உடம்புக்குள் திடீரென்று சர்க்கரை போனால், ரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்புச்சத்துகளை அது ஒரே இழுப்பாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதோடு இதயம் தடுமாறும், நின்றும் போகும். அதனால் முதலில் வைட்டமின் ஊசி, தினமும் ரத்தப் பரிசோதனை, உணவு மட்டும் குருவிக்கு வைப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாக. "பட்டினியில தப்பிச்சு வந்தவனை நாம ஊட்டிக் கொன்னுடக் கூடாது" என்பார் தராசு அம்மா. எழுதிக்கொண்டு பரீட்சையில் மார்க்கும் வாங்கினேன்.

அப்பாவுக்கு உணவுக்குழாயை விரித்துவிட்டார்கள். தண்ணீர் இறங்கியது. அன்றைக்கு நாங்கள் பட்ட சந்தோஷத்தை உங்களிடம் போனில் சொன்னேனே. சொந்த ரத்தத்துக்கு நாமே அளவு போடக் கூடாது என்பதால் தராசு அம்மாவே கணக்குப் போட்டார். எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான், வீட்டாருக்கு எடுத்துச் சொல்வது. "உங்க அத்தைக்கு உங்க வீட்டுப் பேச்சுலயே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக இருந்த அவர் அக்காவை, எங்கள் அத்தையை, வராந்தாவில் உட்காரவைத்து, "அத்தை, ஆஸ்பத்திரியில குடுக்கிறதைத் தவிர வேற சாப்பாடு எதுவும் அப்பாவுக்குக் குடுக்கக் கூடாது" என்றேன். அத்தையும் "நான் ஏன்டி குடுக்கப் போறேன்" என்றாள். அதையே ஒரு அட்டையில் எழுதிக் கட்டிலிலும் மாட்டினேன். சாப்பாடு என்றுதான் எழுதினேன். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போது நாக்கு கூசுகிறது.

உங்கள் மச்சான் வீடியோவில் அப்பாவின் முகத்தைப் பார்த்தான் அல்லவா? பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்து கத்தினான். ஒரு கரண்டி, அரைக் கரண்டி என்று கொடுப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி போடுகிற மாதிரி இருக்கிறது, பெற்ற அப்பனையே பட்டினி போடுகிறாய் என்றான். நான் புத்தகத்தில் இருப்பதையெல்லாம் ஒப்பித்தேன். அவன் போனை வைத்துவிட்டான். வைத்தவன் அடுத்து அத்தையைக் கூப்பிட்டு அழுதிருக்கிறான். "அக்கா படிச்ச திமிர்ல பேசுறா. நீங்களாவது ஏதாவது குடுங்க அத்தை, உங்க தம்பிதானே" என்றிருக்கிறான்.

அத்தை கொடுத்தாள். சாப்பாடு கொடுக்கவில்லை, சொன்ன சொல்லை மீறவே இல்லை அவள். டம்ளர் டம்ளராகச் சர்க்கரை போட்ட பால், பழச்சாறு, குளுக்கோஸ் தண்ணீர். நான் வார்டில் இல்லாத நேரமெல்லாம் கொடுத்திருக்கிறாள். அப்பாவும் வாங்கி வாங்கிக் குடித்திருக்கிறார்.

முதலில் கால் வீங்கியது. பிறகு மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்த தராசு அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஐ.சி.யூ.வில் உப்புச்சத்துகளை ஊசி வழியாக ஏற்றினார்கள். என்ன ஏற்றி என்ன? உடம்பு தாங்கவில்லை.

எல்லாம் முடிந்து அத்தை என் தோளில் சாய்ந்து அழுதபோதுதான் விஷயமே வெளியே வந்தது. "நல்லாத்தானேடி தேறிக்கிட்டு இருந்தான்! காஞ்ச மாடு கம்புல விழுந்த மாதிரில்ல குடிச்சான்" என்றாள். என்ன குடித்தார் என்று கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னாள். உங்களிடம்தான் சாப்பாடு கொடுக்காதீர்கள் என்று சொன்னேனே என்றேன். "சாப்பாடு எங்கடி குடுத்தேன்? குடிக்கத்தானே குடுத்தேன். குடிக்கிறதெல்லாம் சாப்பாடா?" என்றாள். அவள் முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. நம் வீட்டில் யார்தான் பாலைச் சாப்பாடு என்று சொல்லியிருக்கிறோம்?

இறந்தவர்களைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் போடுவார்கள். அதில் ஒரு சின்ன டாக்டர், சொந்தக்காரர்கள் திருட்டுத்தனமாக ஊட்டினால் நாம் என்ன செய்ய முடியும் என்று முடிக்கப் பார்த்தார். தராசு அம்மா விடவில்லை. என்னைப் பார்த்து, "என்ன வார்த்தை சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். எழுந்து நின்று சொன்னேன். அத்தனை பேர் முன்னால் கூனிக் குறுகிப் போனேன். இப்போது எங்கள் பயிற்சியில் யாரும் அந்தச் சொல்லைத் தனியாகச் சொல்லக் கூடாது. வாய்க்குள் என்னென்ன போகும் என்று வீட்டாரையே சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நேற்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள், அப்பாவைப் போலவே எலும்பாக. புருஷன்காரர் கையில் பிளாஸ்க். நான் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். "பொம்பளையா நீ? பட்டினி போட்டுக் கொல்றியே பாவி" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். கத்தட்டும் என்று நின்றேன். இன்று காலை அந்தப் பெண்ணின் உப்புச்சத்துகள் இறங்கவில்லை. தாளை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. தம்பியிடம், அளவை அக்காதான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டாள், பயிற்சியில் இருப்பவள்தானே, தவறிவிட்டது என்று சொல்லுங்கள். கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன், அது அங்கே எழுதியும் இருக்கிறது. அதனால் ஊருக்கு வந்தால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். சட்டையைப் பிடிப்பதென்றால் என் சட்டையைப் பிடிக்கட்டும். என்னோடு பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும், ஒரு நாள் மனம் ஆறும். தான் கொடுக்கச் சொன்னதால்தான் அப்பா போனார் என்று தெரிந்தால் அவன் ஆற மாட்டான். அவனை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவன் வளர்த்த நாய்க்குட்டி செத்ததற்கே ஒரு மாதம் சுருண்டு கிடந்தவன். பொய் சொல்லச் சொல்கிறேனே என்று என் மேல் கோபப்படாதீர்கள். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததுதானே, முழுப் பொய்யும் இல்லை.

அத்தைக்கு ஒன்றும் தெரியாது. தெரியவும் வேண்டாம். கடைசிக் காலத்தில் தன் தம்பிக்குத் தன் கையால் கொடுத்தோம் என்ற நிம்மதியில் இருக்கிறாள்.

அவன் அழுதால் இதையும் சொல்லுங்கள், இதில் பொய் எதுவும் இல்லை. அத்தை பால் கொடுத்தபோது அப்பா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டாராம். யார் கொடுக்கச் சொன்னது என்றும் கேட்டாராம். உன் மகன்தான் என்று அத்தை சொன்னதும் சிரித்தாராம். அது அவனுக்குத் தெரியட்டும், அந்தப் பால்தான் காரணம் என்பது மட்டும் தெரிய வேண்டாம். வயிறும் மனசும் நிறைந்துதான் போனார் என்று, அவன் தலையைத் தடவி நீங்களே சொல்லுங்கள்.

அவனைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
வீட்டுக்காரி