மாத்திரைக்கு இரட்டைத் தையல் கிடையாது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், தையல் கடையும் நலம், ஓவர்லாக் மிஷின் மட்டும் வழக்கம்போல் முனகிக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் புரண்டுகொண்டிருக்கும் என் செல்லமும் நன்றாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், நடுவில் ஒளித்துவைக்க எனக்குப் பொறுமை இல்லை. டாக்டரம்மா சரி என்று சொல்லிவிட்டார். நான் விமானம் ஏறலாம். உன் பிரசவத்துக்கு நான் வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போது என் கால் தரையில் பாவவே இல்லை, உன் அப்பா என் பையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா இறங்கு, படியில விழுந்து கிடைச்ச சம்மதத்தையும் கெடுத்துக்காதே" என்று பின்னாலேயே வந்தார். வழியில் பழக்கடைக்காரரிடம் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் சொன்னேன், அவள் யாரென்றே எனக்குத் தெரியாது, அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உனக்குப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்த ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, கேள்.

போன மாதமே கிடைத்திருக்க வேண்டிய சம்மதம் இது. ஏன் தள்ளிப்போனது என்று நீ கேட்டபோதெல்லாம் டாக்டர் ஊரில் இல்லை, மிஷின் ரிப்பேர் என்று உன் அப்பா வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தார். உண்மை என்னவென்றால், வயிற்றுப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பை நீ போனில் பிடித்து அனுப்பினாயே, அன்றைக்கு ஆரம்பித்த கூத்து அது. கடையில் வேலையே நடக்கவில்லை. நான் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டேன், பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்க வரும் அக்காவைக் கேட்கவைத்தேன், கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர் ஒரு கையை நீட்டியபடி நிற்க அவர் காதிலும் வைத்தேன். பாவம், அவர் நல்ல மனிதர், "நல்லா ஓடுதுங்க" என்றார். அந்த ஓட்டம்தான் என்னை உலுக்கிவிட்டது. என் நெஞ்சு கண்டபடி ஓடித் தாளம் தப்பும்போது இப்படித்தானே இருக்கும் என்று தோன்றியது. என் வியாதி அந்தப் பிஞ்சுக்கும் போய்விட்டதோ என்று நினைத்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் முழுக்கப் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன், அந்த வேளைக்கான நெஞ்சு மாத்திரையை மறந்தே போனேன்.

மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தால் சாயங்காலக் குழியில் மாத்திரை அப்படியே கிடக்கிறது. உன் அம்மா தையல்காரி இல்லையா, ஒரு இடத்தில் தையல் விட்டுப்போனால் என்ன செய்வேன், அதன் மேலேயே இரட்டைத் தையல் ஓட்டி இறுக்குவேன், அப்புறம் அது கிழியவே கிழியாது. கை அதே பழக்கத்தில் போய்விட்டது. நேற்றையதையும் இன்றையதையும் சேர்த்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, பெரிய சாமர்த்தியம் செய்ததுபோல் கடைக்குப் போனேன். கட்டிங் மேசையில் கால்சட்டைத் துணியை விரித்துக் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது சாக்குக்கட்டி கையிலிருந்து நழுவியது, கண் இருட்டியது, துணிமேலேயே தலையைச் சாய்த்துவிட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "என்ன இது, துடிப்பு இவ்வளவு மெதுவா இருக்கு" என்று அலறவும் உன் அப்பா கத்திரியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ரெண்டு மாத்திரை போட்டதைச் சொன்னேன். மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நெஞ்சில் ஒயர் ஒட்டி, மறுநாள் வரை கண்காணிப்பில் வைத்திருந்து அனுப்பினார்கள். பயப்படாதே, அது முடிந்துபோன கதை, நான் இப்போது குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்.

டாக்டரம்மா என்னை உட்காரவைத்து விட்ட டோஸ் இருக்கிறதே, என் வயசுக்கு அப்படி யாரும் என்னைத் திட்டியதில்லை. "துணிக்குத்தான் ரெட்டைத் தையல், மாத்திரைக்கு இல்லை. ஒரு வேளை விட்டுப்போச்சுன்னா எனக்கோ மருந்துக்கடைக்கோ போன் பண்ணிக் கேளுங்க, அடுத்த வேளை கிட்ட வந்துட்டா விட்டதை விட்டுடுங்க, என்னைக்கும் ரெண்டா மட்டும் போடாதீங்க" என்றார். நன்றாக இருக்கிறதே என்று நானாக நிறுத்தவும் கூடாதாம், திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு முன்னைவிட மோசமாக ஓடுமாம். சளிக்கு மருந்து வாங்கினாலும் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லித்தான் வாங்க வேண்டுமாம். அதனால் நீ அங்கே எனக்கு ஒரு தும்மல் வந்தவுடன் உன் வீட்டு டப்பாவைத் திறந்து எதையும் கொடுக்காதே, சொல்லிவிட்டேன். எல்லாம் சொல்லிவிட்டு, எப்பவும் ஒழுங்காகப் போடுகிறவர் அன்றைக்கு மட்டும் எப்படி மறந்தீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. போனை எடுத்து உன் பிள்ளையின் துடிப்பைப் போட்டுக் காட்டி, "என் வியாதி இதுக்கும் வந்துடுச்சா டாக்டர்" என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். அப்புறம் ஒரே சிரிப்பு. "வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு நெஞ்சு இந்த ஓட்டம்தான் ஓடணும், உங்க மகளோட டாக்டரும் பார்த்துட்டுத்தானே இருக்காங்க" என்றார். பக்கத்தில் உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார். அவருக்கும் அதே பயம் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியக் கூடாது என்று அவரும் வாய் திறக்கவில்லை. நல்ல ஜோடி போ.

அதற்குப் பிறகு ஒரு வேளை தவறவில்லை. ஒரு சின்னப் பெட்டியை நெஞ்சில் ஒட்டி வீட்டுக்கு அனுப்பி என் தாளத்தைப் பதிவு செய்தார்கள், அதைப் பார்த்துத்தான் இன்றைக்குச் சம்மதம். மாத்திரையும் டாக்டர் சீட்டும் கைப்பையில்தான் இருக்கும், பெரிய பெட்டியில் போடமாட்டேன். உங்கள் ஊர் நேரத்துக்கு எப்படி மாற்றிப் போடுவது என்றும் டாக்டரம்மாவே எழுதிக்கொடுத்துவிட்டார். பெட்டியில் குழந்தைச் சட்டைகள்தான், நீ வேண்டாம் என்று சொன்னாலும் தைத்தாகிவிட்டது. மடிப்புகளை உள்ளே நிறைய விட்டிருக்கிறேன், பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். நீ கனமான எதையும் தூக்காதே, படுக்கையிலிருந்து மெதுவாக எழு, எனக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள், அம்மாவும் பெண்ணும் சேர்ந்து மெதுவாக எழுந்திருப்போம். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீயும் உன் பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் சந்தோஷமாக இருக்க வேண்டும், இரண்டு கையாலும் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காதே, நான் வந்து இறங்கியதும் முதலில் உன் வயிற்றில் காதை வைத்துக் கேட்பேன், விமான நிலையத்திலேயே. வெட்கப்படாதே.

இதோ, எழுதும்போதே மேசைமேல் உன் பிள்ளை ஓட ஆரம்பித்துவிட்டது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே உன் அப்பா செய்த வேலை இது, என் போனில் மாத்திரை வேளைக்கு மணி அடிப்பதற்குப் பதிலாக அந்தத் துடிப்பையே வைத்துவிட்டார். நான் போய் மாத்திரை போடும்வரை அதை அணைக்கவும் விடமாட்டார். கூப்பிடுகிறது என் செல்லம், மெதுவாக எழுந்து போகிறேன்.

ஒரே ஒரு மாத்திரையோடு,
உன் அம்மா