முன்வாசல் வழியாகக் கடலுக்கு

அன்பு மகன் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம், கடல் எங்களை இழுத்துக்கொண்டு போய்விடவில்லை. உன் இடுப்பு வலி குறைந்ததா, ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்காதே, நடுநடுவே எழுந்து நட. உன் தங்கைக்கு இது ஏழாம் மாதம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை.

நீ வேண்டாம் வேண்டாம் என்று போனில் குதித்தாயே, அந்த ஓட்டலுக்குப் போய்விட்டுத்தான் வந்தோம். போனில் சொன்னால் என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இடத்தில் ஒரு ராத்திரி விருந்தாளியாகத் தங்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். அங்கே மேனேஜராக இருக்கிற உன் பள்ளிக்கூடத்துச் சினேகிதன் உடனே உனக்குப் போன் போட்டு, "அம்மாவை வேற ஓட்டலுக்குப் போகச் சொல்லுடா, இங்க எல்லாருக்கும் சங்கடமா இருக்கும்" என்றானாம். நீயும் அவனோடு சேர்ந்துகொண்டு மானம் போகிறது என்றாய். யார் மானம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவன் அவன்.

நீயே யோசித்துப் பார். அந்த அறைகளின் ஜன்னல் கண்ணாடியில் படிகிற உப்பைத் தினமும் துடைத்தவள் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாறையும் அலையும், நீளப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைமேல் சறுக்க ஓடுகிற பிள்ளைகளும். இந்தப் பக்கம் விரிப்பை உதறினால் மணல், குளியல் தொட்டியில் மணல். அதைக் கூட்டியே என் முதுகு வளைந்தது, ஆனால் அந்தக் கரையில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. கடலுக்கு இறங்கும் படி முன்வாசல் பக்கம், வேலைக்காரர்களுக்குப் பின்வாசல்தான் வழி.

அன்றைக்கு முன்வாசலில் எங்களைப் பார்த்ததும் உன் சினேகிதன் முகம் சுண்டிப்போய், "அந்தப் பக்கமா வந்துடுங்களேம்மா, உங்களுக்குப் பழகின வழிதானே" என்று குழைந்தான். பழகின வழி அலுத்துப்போச்சு தம்பி, சாவியைக் கொடு என்றேன். கொடுத்தான். உன் அப்பாவோ பெட்டி தூக்க வந்த ஆளிடம் கொடுக்காமல் அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டார், உள்ளே இருந்தது இரண்டு மாற்றுத் துணி.

சாயங்காலம் படி இறங்கினோம். பாறையில் அலை மோதுகிற சத்தத்தில் உன் அப்பா பேசுவது கேட்கவில்லை, அதுவே ஒரு சுகம். நீந்தக் கூடாதென்று சிவப்புக் கொடி கட்டியிருந்தார்கள், நான் நீந்தவா போனேன், முழங்கால் தண்ணீரில் நின்றேன். ஒரு அலை வந்து அப்படியே தள்ளி உட்கார வைத்துவிட்டது, மூக்கு வாயெல்லாம் உப்பு. உன் அப்பா பதறிப்போய், "போதும், எழுந்து வா" என்று கையைப் பிடித்து இழுத்தார். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் எழுந்து மறுபடியும் அதே இடத்தில் போய் நின்றேன். பலகையோடு விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அவளும் நனைந்த கோழி, நானும் நனைந்த கோழி.

காலையில் பழக்கதோஷம், கண் விழித்ததும் விரிப்பை இழுத்து மூலை மடித்துவிட்டேன். அறை சுத்தம் செய்ய வந்தவள் என்னிடம் வேலை பழகின குண்டுப் பெண். படுக்கையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏன்க்கா, விருந்தாளியா வந்துட்டு என் வேலையைப் பறிக்கிறீங்க? கலைச்சுப் போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று அதட்டினாள். கலைத்தேன். நடு விரிப்பில் ஒரு கைப்பிடி மணல். எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் யார் கால் மணலையோ கூட்டியவள் நான், இது என் கால் மணல். தொடாமல் அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. இடுப்புக்குத் தைலம் தேய்க்க மறக்காதே. லீவில் வரும்போது தங்கையையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் அங்கேதான் போகிறோம், முன்வாசல் வழியாக. மானம் போகிறது என்றால் நீ மட்டும் பின்வாசலில் வந்து நில், நான் படி இறங்கிப் போய்க்கொண்டே இருப்பேன்.

செருப்பில் இன்னும் மணலோடு,
உன் அம்மா