நல்லதாய் மட்டும் கதைத்த கூட்டம்

செவ்வாய்க்கிழமை

எங்கள் கட்சி வேட்பாளர்களான சிவம் மாஸ்டரும் ரூபனும், கட்சிக்குள் யாருக்கு ஆசனம் என்று தீர்மானிக்கும் விருப்பு வாக்குக்காக ஒருவரையொருவர் நாறடித்துக்கொண்டிருந்தார்கள். கிளைச் செயலாளராயிற்றே, காலையில் இருவரையும் கூப்பிட்டேன். "இனி மேடையில ஆளையாள் நல்லதாய் மட்டும் கதையுங்கோ" என்று கைகுலுக்க வைத்தேன்.

பின்னேரம் விசுவமடுவில் கூட்டம். முதலில் சிவம் மாஸ்டர் எழுந்தார்.

"ரூபன் தங்கமான பிள்ளை. இப்பதான் கலியாணம் முடிச்சவர். அவரைப் பாராளுமன்றமெண்டு கொழும்புக்கு அனுப்பி அந்தப் பொம்பிளைப் பிள்ளையைத் தனிய விடாதேங்கோ."

சனம் கைதட்டியது.

ரூபன் மாஸ்டரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மைக்கை வாங்கினான்.

"மாஸ்டர் எங்கட சொத்து. ஆனால் நெஞ்சு வருத்தக்காரர். அவரில உண்மையான அன்பெண்டால் வாக்குச்சீட்டில அவரின்ர இலக்கத்துக்குப் புள்ளடி போடாதேங்கோ."

மாஸ்டருக்கு இருதய நோயே கிடையாது. இன்றைக்குப் பிறகு வந்தாலும் வரும்.

நாளை மல்லாவியில் கூட்டம். பழையபடி ஏசச் சொல்லப்போகிறேன். கட்சிக்கு நாலு வாக்காவது மிஞ்சட்டும்.