எட்வின் அண்ணையின்ர வண்டில்

திங்கள், நவம்பர் 3

மழை. டென்மார்க்கில இந்த ஹொல்ஸ்டெப்ரோ ஊர்க் காத்துக்கு சைக்கிள் சரிவராது, பஸ். ஐஸ் மீனை வெளியில எடுத்து வைக்க மறந்திட்டன்.

பக்டரியில திருப்பியும் ஜப்பான்காரர் வேலை செய்யிற முறையைப் பற்றின வகுப்பு. உலகச் சண்டை முடிஞ்சு வெறுங்கையோட நிண்ட சனமாம். வெளிநாட்டு மிஷின் வாங்கி, கழட்டி, பூட்டிப் பழகி, பிறகு லைனில நிக்கிறவையே சின்னச் சின்னத் திருத்தம் சொல்லித்தான் மேல வந்ததாம். "கையால செய்யிறவைக்குத்தான் தெரியும்" எண்டார் வாத்தியார். என்ர வாய் சும்மா கிடக்குமே! சாமான் பெட்டியளுக்குச் சரிவாத் தட்டு அடிச்சா, காலமை பின்னால அடுக்கிறது தானா முன்னுக்கு வழுக்கி வரும் எண்டன். பகுதித் தலைவி மெட்டே கை தட்டினா. எனக்கு ஒரே சந்தோசப் புழுகம்.

புதன்

தட்டு பூட்டியாச்சு. பம்பு பூட்டுற எங்களுக்குச் சுகம். வண்டில் தள்ளிச் சாமான் கொண்டு வாற எட்வின் அண்ணைக்கு வேலையில்லை. மெட்டே கூப்பிட்டுச் சொல்லிட்டா. மாசக் கடைசியோட சரி.

பாவி நான்! என்னை இந்த வேலைக்குச் சேர்த்து விட்டதே அந்த மன்னார் மனிசன்தான். அறுபதுக்குக் கிட்ட, டெனிஷும் அரைகுறை. இனி ஆர் எடுப்பினம்? வகுப்பில தட்டைப் பற்றிச் சொல்லேக்க அண்ணை அங்க இல்லை, அவற்ற வண்டில் எனக்கு முன்னாலதான் நிண்டது. யோசிக்கேல்லை.

வியாழன்

காலமை மகளுக்குச் சொன்னன். டெனிஷில பதில்: ஜப்பானில பெரிய கொம்பனியள் 'ஆளை வேலையால நிப்பாட்டமாட்டம்' எண்ட நம்பிக்கையைக் குடுத்துத்தான் யோசனை கேட்டவையாம். வகுப்பில அதை ஒருத்தரும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.

அண்ணைக்கு வேற வேலை குடுங்கோ எண்டு மெட்டேயிட்டக் கேட்டன். இடமில்லையாம். நாளைக்குக் கேக் வெட்டி என்ர பேரைச் சொல்லப் போறாவாம். ஐயோ, பேர் மட்டும் வேண்டாம் எண்டு கெஞ்சினன். "எவ்வளவு அடக்கம்!" எண்டு தோளில தட்டினா. அடக்கமாம். பயம்!

மகளின்ர குளிர்ச் சப்பாத்து பிஞ்சு போச்சு. சனிக்கிழமை கடைக்குப் போகவேணும்.

வெள்ளி

வெயில், ஆனா கடுங் குளிர். "எங்கட குழுவின்ர யோசனை" எண்டு சொல்லி மெட்டே கேக் வெட்டினா. எட்வின் அண்ணை எனக்கும் ஒரு துண்டு கொண்டு வந்து பக்கத்தில இருந்தார்.

"ஏன் பிள்ளை முகம் வாடிக் கிடக்கு? எனக்காகக் கவலைப்படாதை. டெனிஷ்காரர் தங்கட வேலையைப் பாக்கினம். எங்கட ஆக்கள் ஆரும் இந்தத் தட்டு யோசனையைச் சொல்லியிருந்தாத்தான் மனம் நொந்திருக்கும்."

"ஓம் அண்ணை" எண்டன். கேக்கைத் திண்டன்.