பலகையின் கடைசி வரி

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அப்பா உன் புதுக் காரின் படத்தைப் பட்டறைக் கதவில் ஒட்டி, டயர் மாற்ற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டுகிறார். போனில் நீ சிரித்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். அதனால்தான் கடிதம்.

போன பந்தயத்தில் காருக்குள் இருந்த கேமரா எடுத்த வீடியோவைப் பதினோரு முறை பார்த்தேன். சின்ன வயதில் கோ-கார்ட் பந்தய வண்டி ஓட்டிய நாட்களில் வளைவில் உன் தலை அசையவே அசையாது; கண் மட்டும்தான் போகும். இப்போது இடப்பக்க வளைவு வருவதற்கு முன்பே முகத்தைத் திருப்புகிறாய். அந்த மஞ்சள் கார் உன் இடது கதவை உரசும்வரை நீ அதைப் பார்க்கவே இல்லை. “மயிரிழையில தப்பிச்சான் பாரு என் புள்ள!” என்று அப்பா கைதட்டினார். எனக்குக் கை எழவில்லை.

பதினாலு வயதில், முன்னால் போன கார்ட்டிலிருந்து தெறித்த கல் பட்டதும் அந்த இடது கண்ணில்தான். ஆறிவிட்டது என்றாய். போன வருடம் மருத்துவச் சோதனைக்கு முன்னால், “ஏய் படிப்பு, நீ வேலை பாக்குற மூக்குக்கண்ணாடிக் கடைல கண் டெஸ்ட் பண்ற பலகைய ஒரு போட்டோ அனுப்பேன், சும்மாதான்” என்று கேட்டாய். வீட்டின் முதல் பட்டதாரிக்கு நீ வைத்த பட்டப்பெயர்; உச்சி குளிர்ந்து அனுப்பிவிட்டேன். சோதனை முடிந்ததும், “உன் பலகை கைகொடுத்துச்சு” என்றாய். கேலி என்று நினைத்தேன்.

பதினொன்றாம் தேதி மறுபடி கண் சோதனை. அதற்கடுத்த வாரம் இருபத்துநாலு மணி நேரப் பந்தயம். இருட்டில், ஐம்பது கார்களுக்கு நடுவில். பெடல் எட்டாமல் அப்பா கட்டை வைத்துக் கட்டிய கார்ட்டிலிருந்து இந்த இருக்கைக்கு வர உனக்குப் பதினெட்டு வருடம் ஆனது. எனக்குத் தெரியாதா?

கீழே மூன்று வரி எழுதியிருக்கிறேன். எழுத்து போகப் போகப் பொடியாகும். உனக்கு மனப்பாடம் ஆகாத வரிகள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு படி. இது சரியான சோதனை இல்லைதான். ஆனால் உனக்கே தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் உங்கள் அணி மருத்துவரிடம் நீயே சொல்லிவிடு. பத்தாம் தேதி மாலைவரை உன் போனுக்காகக் காத்திருப்பேன். அதன்பின் அவரிடம் நானே பேசுவேன். முன்பின் தெரியாதவரிடம் பேச எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியும். ஆனாலும் பேசுவேன்.

உன் தங்கை,
படிப்பு

கதவில் இருக்கும் படம் அப்படியே இருக்கும்.

அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

முழுசாக வீட்டுக்கு வா, அண்ணா.