நீ வாசிக்காமல் தாண்டிய பக்கம்

இன்று மத்தியானம் உன் நோட்டைத் திறந்ததும் காபிப்பொடி வாசம் எழுந்தது. லேக் மார்க்கெட்டில் உன் அம்மா வாங்கிவரச் சொன்ன பொட்டலத்தையும் இந்த நோட்டையும் நீ ஒரே பையில்தான் திணித்துக்கொண்டு வருவாய். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. வாசம் மட்டும் சொகுசாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

நாம் ஒரு குறுநாவல் எழுதினோம். இருபது வயதில் யார்தான் எழுதவில்லை? ஆனால் நம்மைப் போல் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். கதையில் ஓர் அவள், ஓர் அவன். ஓர் அத்தியாயம் அவள் சொல்வது, அது என் பங்கு. அடுத்தது அவன் சொல்வது, அது உன்னுடையது. மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கும் வீட்டுப் பிள்ளை நீ. தமிழ் பேசுவாய், எழுத்து தெரியாது. அதனால் தமிழையே வங்காள எழுத்தில் எழுதினாய். நானோ அப்பாவின் மாற்றலில் வந்து இறங்கியவள். வங்காள எழுத்து எனக்குக் கொடியில் காயும் துணி மாதிரிதான் தெரிந்தது. ஆகவே நீ வாசிப்பாய், நான் தமிழில் எழுதிக்கொள்வேன். என் பங்கை நான் வாசிப்பேன், நீ கேட்பாய். ஒருவர் எழுதியதை மற்றவர் கண்ணால் படித்ததே இல்லை.

“நீ எழுதினத அப்படியே வாசிக்கிறியா?” என்று ஒருநாள் கேட்டாய்.

“இல்லேன்னா உனக்கு எப்படித் தெரியப்போவுது?”

“தூர்!” என்று வங்காளிகள் மாதிரி அலுத்துக்கொண்டு, “நம்பிக்கைதான்,” என்று சிரித்தாய்.

ஜாதவ்பூர் பல்கலைக்கழக வளாகத்துக் குளத்தங்கரை. மண் குவளையில் தேநீர். தண்ணீரில் மரங்கள் தலைகீழாக ஆடிக்கொண்டிருக்கும். அதில் எது மரம், எது நம் கதை என்று சில சாயங்காலங்களில் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கதையில் வியாழக்கிழமை தோறும் அவளுடைய நூலகப் புத்தகத்துக்குள் ஒரு பழைய டிராம் சீட்டு இருக்கும். பின்பக்கம் ஒற்றை வரி, அவளுக்காக. யார் வைப்பது? அதுதான் மர்மம். அவளும் அவனும் சேர்ந்து துப்பறிந்தார்கள்.

கடைசி அத்தியாயம் உன்னுடையது. தெருவெல்லாம் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நீ வாசித்துக்கொண்டே வந்து, சட்டென்று ஒரு தாளைத் தாண்டிப் புரட்டினாய். “யார் வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை” என்று முடித்து நோட்டை மூடினாய்.

“ஆறு மாசமா தேடவிட்டு இதுதான் முடிவா? பயந்தாங்கொள்ளி!” என்றேன்.

“சில விஷயம் தெரியாமலே இருக்கட்டுமே,” என்றாய் குளத்தைப் பார்த்தபடி.

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். மறுநாள் “கோபமா?” என்று செய்தி அனுப்பினாய். கொஞ்சம் தவிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வாரமே உனக்கு டெங்கு. பந்தல்களில் விளக்கு எரிய ஆரம்பித்தபோது நீ இல்லை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் பதில் போடவே இல்லை.

உன் அக்கா, நீ தீதி என்று கூப்பிடுகிறவள்தான், நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். “நான் வாசிச்சுச் சொல்லட்டுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். உன் முடிவை வேறு குரலில் கேட்க எனக்கு மனசில்லை. அந்தத் தாளில் என்ன இருந்தது என்று தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. பஸ் பலகையிலும் மருந்துக்கடைப் பலகையிலும் ஆரம்பித்து, ஆபீஸில் ஒருத்தியிடம் அவள் குழந்தையின் பாடப் புத்தகத்தை இரவல் வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகப் பழகினேன். நோட்டை முதல் பக்கத்திலிருந்தே படித்துக்கொண்டு வந்தேன். இன்றுதான் அந்தத் தாளுக்கு வந்து சேர்ந்தேன்.

“சீட்டுகளை வைத்தது நான்தான். அவள் கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டால் அடுத்த வியாழனும் வைப்பேன்.”

விரலை வைத்து மூன்று தடவை படித்தேன். பிறகு அழுதேன்.

இப்போது என் முறை. ஐந்தாம் அத்தியாயத்தில் நானும் ஒரு பத்தியை எழுதிவிட்டு உனக்கு வாசிக்காமல் தாண்டினேன். அவள் நூலக அலமாரிக்குப் பின்னாலிருந்து, அவன் சீட்டு வைப்பதைப் பார்த்துவிடுகிறாள். கேட்டால் சீட்டு வருவது நின்றுபோகுமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறாள். அவன் தானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள். அன்றைக்கு எனக்கு அத்தனை கோபம் ஏன் வந்தது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். உன்னைப் பயந்தாங்கொள்ளி என்றவள் உன்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி.

நம் கதையில் மர்மமே இல்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அதைத்தான் சுமந்துகொண்டு மெட்ரோ ஏறுகிறேன், வேலைக்குப் போகிறேன், வருகிறேன். சில நாள் கனமாக இருக்கிறது. சில நாள், வெட்கமில்லாமல், சந்தோஷமாகவும் இருக்கிறது.

இந்த மடல் முழுவதையும் உன்னைப் போலவே வங்காள எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். கோணல்மாணலாக இருக்கும், சிரிக்காதே. நான் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. நீயே படித்துக்கொள். இந்தத் தடவை ஒரு வரிகூடத் தாண்டவில்லை.